சோளக்குருவிகள் கிளம்பும் வரை

பள்ளி இயற்கை மன்றங்களை நடத்தப் புதிதாக வந்திருக்கும் நண்பர்களுக்கு,

பயிற்சியின் முதல் நாளில் உங்களுக்கு ஒரு வரைபடம் காட்டியிருப்பார்கள். வலசைப் பறவைகளும் பூச்சிகளும் வரும் வழிகள் அதில் அம்புக்குறிகளாக ஓடியிருக்கும். அந்தப் படத்தில் பிழை எதுவுமில்லை. ஆனால் ஒவ்வோர் அம்புக்குறியும் கடைசியில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் வந்து முடிகிறது என்பதை மட்டும் அது காட்டாது. அந்த வாசலில் என்ன நடக்கிறது என்பதே நம் பணி. ஆரணியில் ஒரு பட்டு நெசவுத் தெருவில் நடந்ததை உங்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஆண்டுகளை நான் அமைதியாகவே நினைவுகூர முடியும். இந்த ஒரு மார்கழியை மட்டும் இன்றும் படபடப்பில்லாமல் நினைக்க முடிவதில்லை.

தொடங்குமுன் ஒன்று. என் துணைவியார் சென்ற ஆண்டு மறைந்தார். அதைப் பற்றி எழுதுவதற்கான இடம் இதுவன்று. நான் சொல்லப்போகும் நிகழ்ச்சியில் அவருக்கு ஒரு பங்கு உண்டு என்பதால் மட்டுமே குறிப்பிடுகிறேன். அவர் பெண்கள் பள்ளியில் கணித ஆசிரியை. ஊர் அவரை டீச்சரம்மா என்று அழைத்தது.

கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் மன்றங்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஏற்றேன். முதல் மன்றம் அவருடைய பள்ளியில்தான் அமைந்தது. முதல் கூட்டத்தில் நான் படங்களைக் காட்டி, பாதுகாப்பின் அவசியத்தைப் பற்றி நீண்ட நேரம் பேசினேன். மாணவியர் மரியாதையாகக் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தனர். ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. சன்னலுக்கு வெளியே மைதானத்தின் மேல் மஞ்சள் தட்டாம்பூச்சிகள் திரள் திரளாகப் பறந்துகொண்டிருந்தன. கடைசி வரிசையில் ஒருத்தி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் யுவராணி. நெசவாளர் குமரேசனின் மகள், பதினோராம் வகுப்பு.

“அங்கே என்ன பார்க்கிறாய்?” என்று கேட்டேன்.

“தட்டாம்பூச்சி சார். மழ வுட்டா எங்கேருந்துதான் இவ்ளோ வருதோ!”

“இவற்றில் பல கடலைக் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போகக்கூடியவை.”

அவள் நான் ஏமாற்றுவதாக நினைத்தாள் போலும். “சும்மா சொல்றீங்க. இதுவா? எங்க தெருவுல பசங்க பட்டு இழைய வாலுல கட்டி வுட்றானுங்க சார், இத!”

“அதேதான்.”

வகுப்பு முழுவதும் சன்னலை நோக்கித் திரும்பியது. அடுத்த கணம் அத்தனை பேரும் மைதானத்தில் இருந்தார்கள். நான் கையில் திரையின் கயிற்றோடு தனியாக நின்றேன். மறுநாள் நெசவுத் தெருவில் இழை கட்டிய சிறுவர்களின் காதுகளை யுவராணி திருகியதாகக் கேள்விப்பட்டேன். “கடல் தாண்டிப் போறதுடா, உன்னால கமண்டல நாக நதிய தாண்ட முடியுமா?” என்றாளாம். பாதுகாப்பு பற்றிய என் உரைகளில் எதுவும் இவ்வளவு விரைவாக வேலை செய்ததில்லை. மாணவர்களிடம் முதலில் கடமையைக் கொடுக்காதீர்கள், வியப்பைக் கொடுங்கள். கடமையை அவர்களே தேடிக்கொள்வார்கள்.

அந்தக் கடமை எங்களைத் தேடி வர அதிக நாளாகவில்லை. கார்த்திகை முடியும் தறுவாயில் நெசவுத் தெருவின் மேற்கு முனையில் நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரத்தில் சோளக்குருவிகள் வந்து அடையத் தொடங்கின. நம் மைனாவின் உறவு. கருந்தலையும் இளஞ்சிவப்பு உடலும் கொண்டவை. நடு ஆசியப் புல்வெளிகளிலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வருகின்றன. பகலெல்லாம் வயல்களில் வெட்டுக்கிளிகளைத் தின்றுவிட்டு, மாலையில் ஆயிரக்கணக்கில் ஒரே மரத்துக்குத் திரும்புகின்றன. அவை அடையும் காட்சி வானத்தில் ஒரு புகைமண்டலம் சுருண்டு, நீண்டு, மீண்டும் சுருள்வதைப் போலிருக்கும். இயற்கை மன்றத்துப் பிள்ளைகள் அண்ணாந்தபடியே நின்றார்கள். நானும்தான்.

தெருவுக்கு அது வேறு காட்சி. தறியில் ஏற்றுமுன் பட்டுப் பாவை, அதாவது சேலையின் நீள இழைகளை, தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சித் தண்ணீர் தெளித்து, அறுந்த இழைகளைப் பிணைத்து, இளவெயிலில் உலர்த்துவார்கள். பாவு நீட்டுவது என்று பெயர். வெயில் ஏறினால் இழை முறுகி ஒடியும் என்பதால் விடியும்போதே நீட்டிவிட வேண்டும். ஒரு குடும்பத்தால் முடியாத வேலை. அக்கம்பக்கத்தார், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உட்பட, இருபுறமும் நின்று கை கொடுப்பார்கள். கம்பங்கள் நட்ட அகலமான தெரு அது ஒன்றுதான். சோளக்குருவிகளும் விடியும்போதுதான் மரத்தை விட்டுக் கிளம்பும், அந்தத் தெருவின் மேலாகவே. கிளம்பும்போது பறவை தன் உடலை இலேசாக்கிக்கொள்ளும். விளைவை நான் விவரிக்க வேண்டியதில்லை.

முதலில் கறைபட்டது குமரேசனின் பாவு. சந்தன நிறம், முகூர்த்தச் சேலைகளுக்கானது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஈரத் துணியால் ஓர் இழையை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. தெருவின் நாட்டாண்மையான தணிகாசலம்தான் பேசினார்.

“வாங்க புரொபசர் சார். உங்க குருவிங்க பூ வேலப்பாடு போட்டுக்குதுங்க, பாருங்க. டிசைனுக்குக் கூலி கேக்கலன்ற வரைக்கும் சந்தோஷம்.”

தெரு சிரித்தது. யுவராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

பட்டாசு வெடிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். குருவிகள் இரவெல்லாம் கலைந்து பறந்தால் எச்சம் கூரைகளிலும் கிணற்றிலும் விழும் என்று மன்றத்தார் மன்றாடி அதைத் தடுத்தார்கள். தடுத்தபின் மாற்று வழி ஒன்று சொல்ல வேண்டுமல்லவா? அதைச் சொன்னவன் இம்ரான். பஸ் நிலையத்தருகே கைப்பேசி பழுதுபார்க்கும் இளைஞன். பிள்ளைகள் எடுத்த பறவைப் படங்களைப் பார்த்துத் தானாகவே மன்றத்தில் ஒட்டிக்கொண்டவன்.

“மேல ஒரு பந்தல் போட்டா முடிஞ்சிச்சு சார். மாமா பந்தல் கடை வச்சிகினுக்கீறாரு. குருவி மேல போவட்டும், பாவு கீழ கெடக்கட்டும். இதுல இன்னா பேஜாரு?”

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. தணிகாசலத்தின் பாவு நீட்டும் நாளில், பழைய போர்வைகளையும் பந்தல் துணிகளையும் தைத்துத் தெருவின் மேல் கட்டினார்கள். குருவிகள் போயின, ஒரு சொட்டு கீழே வரவில்லை. பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். ஆரவாரம் அடங்கிய பிறகுதான் பாவு உலரவில்லை என்பது தெரிந்தது. மார்கழிப் பனியும் கஞ்சித் தண்ணீரும் சேர்ந்து, வெயில் படாத இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவற்றைப் பிரிக்கத் தணிகாசலம் குடும்பத்துக்கு அன்றைய பகல் முழுவதும் தேவைப்பட்டது. பந்தல் கட்டியவர்களில் பாதிப் பேர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். பாவுக்கு வெயில் வேண்டும் என்பது அவர்களுக்கு நடக்கத் தெரியுமுன்பே தெரியும். குருவியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததில் சூரியனை மறந்துவிட்டார்கள். நம் துறையின் ஆகப் பெரிய ஆபத்து இது, நண்பர்களே. ஓர் உயிரை நேசிக்கத் தொடங்கும்போது அதைச் சுற்றியுள்ள மற்றவை மங்கலாகத் தெரியத் தொடங்குகின்றன.

அன்று மாலை தெருக் கூட்டம் கூடியது. நகராட்சியில் சொல்லி வரும் ஞாயிற்றுக்கிழமை மரத்தின் கிளைகளை இறக்கிவிடுவது என்று பேச்சு முடியும் நிலையில் இருந்தது. எனக்கு மாவட்ட அலுவலகத்தில் பழைய மாணவர் ஒருவர் உயர் பொறுப்பில் இருந்தார். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினேன். யுவராணி பின்னாலேயே வந்தாள்.

“போன் பண்ணிடாதீங்க சார்.”

“ஏன்? மரம் பிழைக்கும் அல்லவா?”

“மரம் நிக்கும் சார். எங்க அப்பாதான் இந்தத் தெருவுல நிக்க முடியாது. பாவு நீட்ட ஒரு கை வராது அவருக்கு. குருவி பங்குனில போயிடும். நாங்க எங்க போறது?”

நான் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டேன். அதிகாரம் கையருகே இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமலிருக்க எந்தப் பயிற்சியும் கற்றுத் தருவதில்லை.

அவள் கூட்டத்தின் நடுவே போய் நின்றாள்.

“நாட்டாமை மாமா, நாங்க ஒரு வாரமா காலைல பாத்துகினு வரோம். வெளிச்சம் வந்ததும் குருவிங்க அல அலயா கெளம்பிடுது. அதுக்கப்புறம் சாயந்திரம் வரைக்கும் மரம் காலி. அதுங்க போனப்புறம் பாவு நீட்டினா ஒரு சொட்டு விழாது.”

“பெரிய கண்டுபிடிப்பு!” என்றார் தணிகாசலம். “அது எங்களுக்குத் தெரியாதா? லேட்டா நீட்டினா கை கொடுக்க ஆள் எங்க? பசங்க ஸ்கூலுக்குப் போவானுங்க, பொம்பளைங்க வேலைக்குப் போவாங்க. குருவி வந்து இழை புடிக்குமா?”

“நாங்க புடிக்கறோம். ஸ்கூலுக்கு லேட்டானாலும் பரவால்ல. மன்றத்துல இருக்கற எல்லாரும் வரோம். ஒரு பாவு நீட்டிக் காட்டறோம். அதுல ஒரே ஒரு சொட்டு விழுந்தாலும், இழை கெட்டாலும், கிளைய வெட்டிக்கோங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

“யார் பாவும்மா? எந்த ஏமாந்தவன் குடுப்பான்?”

“எங்க அப்பா பாவு.”

குமரேசன் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் இதுபற்றி யாரும் கேட்டிருக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஏற்கெனவே கறைபட்ட பாவுக்காக, நெய்யப் பாவு கொடுக்கும் முதலாளியிடம் பேச்சு வாங்கியவர். இன்னொன்று கெட்டால் அவருக்கு அடுத்த பாவு வராது. கூட்டம் அவரையே பார்த்தது. அவர் மகளைப் பார்த்தார்.

“பொண்ணு சொல்லிட்டா,” என்றார். “சனிக்கெழம நீட்டறேன்.”

அடுத்த சில நாள்களைப் போன்ற உற்சாகம் நிறைந்த நாள்களை என் பணி வாழ்வில் நான் கண்டதில்லை. மன்றத்தில் பாதிப் பேர் சுற்றுக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வரும் பிள்ளைகள். பட்டு இழையைத் தொட்டதே இல்லை. யுவராணி அவர்களை வீட்டு முற்றத்தில் உட்காரவைத்து, கழிவு இழைகளைக் கொடுத்து, முடிச்சுத் தெரியாமல் பிணைக்கப் பழக்கினாள். “தே, கயித்துக் கட்டிலா கட்டற? பூ மாதிரி புடிடி!” என்ற அதட்டல் தெருமுனை வரை கேட்டது. இம்ரானின் விரல்கள் எல்லோரையும் வென்றன. “செல்போன் உள்ள இருக்கற ஒயரப் பாத்தா இது தாம்புக்கயிறுங்க,” என்று பெருமையடித்துக்கொண்டான். விடியற்காலையில் ஒரு குழு மரத்தடியில் நின்று பறவைகள் கிளம்புவதைக் கவனித்தது. என் துணைவியாருக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை. “மத்தவங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனா பேப்பர் படிக்கிறாங்க. எங்க வீட்டுக்காரர் குருவி எப்ப வெளிக்கிப் போகுதுன்னு பாக்கறார்,” என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலும் விழுந்தது. எனினும் சனிக்கிழமை காலையில் பள்ளிக்குப் போகும் உடையோடு என்னுடன் புறப்பட்டார். அன்று அவருடைய பள்ளிக்கு வேலை நாள். “என் பிள்ளைங்க என்ன பண்ணுதுங்கன்னு பாத்துட்டு அப்படியே போயிடறேன்” என்றார்.

வாசலைத் திறந்தோம். எதிர்வீடு தெரியவில்லை.

அப்படியொரு மூடுபனி. தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் இருபுறமும் வரிசையாக நின்றிருந்தனர். குமரேசன் சுருட்டிய பாவைத் தோளில் வைத்துக்கொண்டு கம்பத்தருகே நின்றார். அரக்குச் சிவப்பு. வேடிக்கை பார்க்கத் தெரு முழுவதும் வாசலில் இருந்தது. மேற்கே பனிக்குள் மரம் ஒரு கரிய மேகம்போல் நின்றது. அதற்குள்ளிருந்து ஆயிரம் குருவிகளின் சலசலப்புக் கேட்டது. வழக்கமாகக் கிளம்பும் நேரம் கடந்தது. ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகள் கவனித்த காலைகள் எல்லாம் தெளிந்த காலைகள். பனியில் குருவி என்ன செய்யும் என்பதை யாரும் பார்த்திருக்கவில்லை.

தணிகாசலம் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தார். “இன்னாம்மா யுவராணி, உன் விருந்தாளிங்க இன்னும் எழுந்திரிக்கலையா? காபி போட்டு அனுப்பட்டுமா? சக்கர போட்டா, போடாமலா?”

யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. யுவராணி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இம்ரான் என் காதருகே வந்தான். “சார், ஒரு தகர டப்பா போதும். ரெண்டு தட்டு. எல்லாம் ஜல்தியா பறந்துடும். யாருக்கும் தெரியாது. நீங்க ஊம்னு சொல்லுங்க.”

அது தவறு என்று எனக்குத் தெரியும். ஆனால் கம்பத்தருகே நின்ற மனிதரின் தோளைப் பார்க்கும்போது அந்தத் தவறு மிகச் சிறியதாகத் தோன்றியது. நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்பது இன்றும் எனக்குத் தெரியாது. என் துணைவியார் என் முழங்கையைத் தொட்டார்.

“ஏங்க, இது அவ தெரு. அவ சொல்லட்டும்.”

இம்ரான் அவளிடம் போனான். அவள் தலையை அசைத்தது தெரிந்தது.

“வேணாண்ணா. பனில பயந்து கெளம்பினா வழி தெரியாம இங்கயே சுத்தும். மொத்தமும் நம்ம தலைமேலதான். அதுவும் இல்லாம, இன்னிக்கி நாம தட்டினா நாளைக்கி தெருவே தட்டும். அப்பறம் எதுக்கு மரம்?” பிறகு தந்தையிடம் திரும்பினாள். “அப்பா, கொஞ்சம் நில்லு.”

குமரேசன் பாவை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். நின்றார்.

காத்திருந்தோம். வரிசை சிறிது சிறிதாகக் கரையத் தொடங்கியது. அன்று தேர்வு இருந்த பிள்ளைகள் யுவராணியின் முகத்தைப் பார்க்காமலேயே பள்ளிக்கு ஓடினார்கள். அவளே அவர்களைப் போகச் சொல்லியிருந்தாள். எதிர்ப்புற வரிசையில் பாதி இடம் காலியாயிற்று. இனி குருவிகள் கிளம்பினாலும் பாவைப் பிடிக்கக் கைகள் போதா என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கிண்டல்கூட நின்றுவிட்டது, அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது.

என் துணைவியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கைப்பையை என்னிடம் கொடுத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எதிர் வரிசையில் ஒரு காலியிடத்தில் போய் நின்றார்.

“டீச்சர், ஸ்கூலு?” என்றாள் யுவராணி.

“ஸ்கூல் எங்கயும் போயிடாது. எப்படிப் புடிக்கணும்னு சொல்லு. மெதுவா சொல்லு, நான் கொஞ்சம் மந்தம்.”

கணித வகுப்பில் அதே சொல்லை அவரிடம் வாங்கிய பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். முப்பதாண்டுப் பணியில் அவர் தாமதமாகப் பள்ளிக்குச் சென்ற ஒரே நாள் அது.

தணிகாசலம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமும் வரிசைக்கு வந்தார்.

“மாமா, நீங்க...” என்று தொடங்கினாள் யுவராணி.

“குருவிக்காக இல்ல. வெயில் ஏறினா இழ ஒடியும். பாவு பாவுதான். யாருதா இருந்தா இன்னா?” என்றார். பிறகு வாசல்களை நோக்கிக் குரல் கொடுத்தார். “இன்னா எல்லாரும் சினிமா பாத்துகினு? வேல இல்லாதவன் வாடா இங்க!”

வாசல்களிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். அதே சமயத்தில் கிழக்கே பனி கிழிந்து, மங்கிய ஒளி தெருவில் விழுந்தது.

மரத்துக்குள் சலசலப்பு சட்டென்று நின்றது. அப்படியொரு நிசப்தத்தை நான் எந்த ஆய்வுக்கூடத்திலும் கேட்டதில்லை. அடுத்த கணம் மரம் வெடித்ததுபோல் இருந்தது. முதல் அலை எங்கள் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போயிற்று. காற்று முகத்தில் அறைந்தது. இரண்டாவது அலை, மூன்றாவது அலை. பனியின் வெண்மையில் அந்த இளஞ்சிவப்பு வயிறுகள் தணலைப்போல் ஒளிர்ந்தன. தெருவில் எச்சம் மழைத்தூறலாக விழுந்தது. குழந்தைகள் கூச்சலிட்டுக்கொண்டு கூரைக்கடியில் ஓடினார்கள். தணிகாசலத்தின் துண்டில் இரண்டு சொட்டுகள். குமரேசன் பாவை மார்போடு அணைத்து, அதன் மேல் குனிந்து நின்றார். இம்ரான் தன்னை மறந்து கைகளை உயர்த்தி, “போய்ட்டு வாங்க! போய்ட்டு வாங்க!” என்று கத்தினான். என் துணைவியார் அண்ணாந்து, வாய் திறந்தபடி நின்றார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

கடைசி அலை போனதும் யுவராணி மரத்தடிக்கு ஓடினாள். சுற்றிப் பார்த்தாள். “காலி!” என்று கத்தினாள்.

பாவு விரிந்தது. கம்பத்திலிருந்து கம்பத்துக்கு அரக்குச் சிவப்பு ஓர் ஆறுபோல் தெருவில் நீண்டது. வெயில் வேகமாக ஏறிக்கொண்டிருந்ததால் எல்லாவற்றையும் இருமடங்கு விரைவாகச் செய்ய வேண்டியிருந்தது. கஞ்சித் தண்ணீர் தெளிக்க ஒருவர், அறுந்த இழையைக் கூவிச் சொல்ல ஒருவர், பிணைக்க இருவர். “இங்க ஒண்ணு!” “டீச்சரம்மா, உங்க கைக்குக் கீழ பாருங்க!” “இம்ரானு, ஜல்தி!” தெரு முழுவதும் ஒரே குரல்.

பாதி வேலை முடிந்திருக்கும். தணிகாசலம் திடீரென்று அசையாமல் நின்றார். அவர் பார்வை போன இடத்துக்கு எல்லோர் பார்வையும் போனது. பாவுக்கு நேர் மேலே மின்கம்பியில் ஒரு சோளக்குருவி உட்கார்ந்திருந்தது. கூட்டத்தோடு போகாமல் பின்தங்கியது. நிதானமாக இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

எல்லாக் கைகளும் நின்றன. விரட்டினால் என்ன ஆகும் என்பது அத்தனை பேருக்கும் தெரியும், இலேசாக்கிக்கொண்டுதான் கிளம்பும். ஒரே ஒரு சொட்டு. யுவராணி கண்களை மூடிக்கொண்டாள்.

தணிகாசலம் கழுத்தை நீட்டி, பச்சிளம் குழந்தையிடம் பேசும் குரலில் சொன்னார்: “ராசா... கண்ணு... அந்தப் பக்கம் ஒரு தாவு தாவிட்டு அப்பறம் போடா செல்லம். உனக்கு இன்னா வேணுமோ வாங்கித் தரேன்.”

குருவி தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. கம்பியில் நாலடி பக்கவாட்டில் நகர்ந்தது. பிறகு எதிர்வீட்டு ஓட்டுக்குத் தாவி, அங்கே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, கிழக்கே பறந்து போயிற்று.

தெரு எழுப்பிய ஆரவாரத்தைக் கேட்டு அடுத்த தெருவிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். “சொன்ன பேச்சக் கேக்குதுய்யா!” என்று தணிகாசலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். “என் பையன்கூட ஒரு நாள் இப்பிடிக் கேட்டதில்ல!” குமரேசன் பாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, இருபுறமும் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். மறுமுனையில் மகள் நின்றிருந்தாள். அவள் கூந்தலில் ஒட்டியிருந்த ஒரு துண்டு இழையை எடுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் நகராட்சியைப் பற்றிப் பேசவில்லை. அதன்பின் அந்தத் தெரு சற்றுப் பிந்திப் பாவு நீட்டியது. கை கொடுக்க மன்றத்துப் பிள்ளைகள் முறைவைத்து வந்தார்கள். எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொன்னால் பொய்யாகும். ஒரு காலையில் பிள்ளைகள் வராமல் போய்த் தணிகாசலம் என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்டார். மற்றொரு முறை பொறுமையிழந்த ஒருவர் முன்கூட்டியே நீட்டிக் கறை வாங்கிக்கொண்டார். ஆனால் அப்போது திட்டு வாங்கியவர் அவர்தான், குருவிகள் அல்ல. பாவைத் தோளில் வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்து, “குருவி கெளம்பிச்சா?” என்று கேட்பது அந்தத் தெருவின் காலை வழக்கமாயிற்று.

இதிலிருந்து ஒரு விதியை வடித்துக் கொடுக்கும்படி நீங்கள் கேட்கலாம். இரண்டொன்று சொல்லலாம். எதைக் காக்கும்படி மற்றவரிடம் கேட்கிறோமோ அதனால் அவருக்கு வரும் இழப்பில் நம் கையும் இருக்க வேண்டும். ஊர்வலத்தில் பதாகை பிடிக்கும் கையைவிட, பாவில் இழை பிடித்த கையைத் தெரு நம்பியது. நெருக்கடியில் முடிவெடுக்கும் உரிமை, அதனால் இழக்கப்போகிறவருக்கே உரியது. அவர் பதினாறு வயதுப் பெண்ணாக இருந்தாலும். மற்றபடி, அன்று பனி விலகாமலே இருந்திருந்தால் நான் உங்களுக்கு என்ன எழுதிக்கொண்டிருப்பேன் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். நல்ல தீர்ப்புக்கும் சிறிது வெயில் வேண்டியிருக்கிறது.

பங்குனி பிறந்தது. ஒரு மாலை, குருவிகள் வழக்கத்தைவிட நெடுநேரம் தெருவின் மேல் சுழன்றன. அடைந்தன. மறுநாள் காலையிலும் கிளம்பின. அன்று மாலை திரும்பவில்லை. நடு ஆசியாவை நோக்கி அவற்றின் நெடும்பயணம் தொடங்கிவிட்டது என்று நான் என் துணைவியாரிடம் சொன்னேன். “சொல்லிக்காமலா போயிடுச்சு?” என்று கேட்டார் அவர்.

அடுத்த நாள் விடியலில் நான் அந்தத் தெருவுக்குப் போனேன். குமரேசனுக்குப் பாவு நாள். அவர் கம்பத்தருகே பாவோடு நின்றிருந்தார். தணிகாசலமும் மற்றவர்களும் இருபுறமும் நின்றிருந்தனர். வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. யாரும் நீட்டவில்லை. எல்லோரும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா, இன்னும் கெளம்பல?” என்றார் தணிகாசலம்.

“அதுங்க ஊருக்கே கெளம்பிடுச்சு மாமா,” என்றாள் யுவராணி. “நேத்தே.”

“அப்பிடியா,” என்றார் அவர்.

கூடுதலாகக் காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. வானம் தெளிவாக இருந்தது. கைகள் தயாராக இருந்தன. இருந்தும் யாரும் அசையவில்லை. குமரேசன் பாவைத் தோளில் வைத்துக்கொண்டு, காலியான அந்த மரத்தை இன்னும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் நீட்டினார்.